பத்து நாளில் ஐந்து கிலோ: பணம் கட்டலாமா?

கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் ஏறுகிறவர்களுக்குப் படிக்கப் பஞ்சமே இல்லை. கதவோரத் தகரத்திலும் ஜன்னலுக்கு மேலும் கைப்பிடிக் கம்பியிலும்கூட ஸ்டிக்கர்கள்தான். வீட்டிலிருந்தே சம்பாதிக்க, உடனடிக் கடன் பெற, மூலம் குணமாக என்று வரிசையாக ஒட்டியிருக்கும். இவற்றுக்கு நடுவே இப்போது அதிகம் தென்படுவது உடல் எடை குறைக்க அழைக்கும் போன் நம்பர். 'பத்தே நாளில் ஐந்து கிலோ' என்பது அதில் வழக்கமான வாசகம்.

அந்த ஒரு வரியைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கிலோ உடல் கொழுப்பு கரைய ஏறக்குறைய 7,700 கலோரி செலவாக வேண்டும். ஐந்து கிலோவுக்கு 38,500. பத்து நாளில் என்றால் ஒரு நாளைக்கு 3,850 கலோரி. அதிக உடலுழைப்பு இல்லாத, 55 கிலோ எடையுள்ள ஒரு பெண்ணுக்கு ஒரு நாள் முழுவதற்கும் தேவை 1,660 கலோரிதான் என்கிறது ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். பத்து நாளும் பச்சைத் தண்ணீர் மட்டும் குடித்தாலும் இந்தக் கணக்கு நேராகாது. ஆனால் எடை மெஷினில் முள் இறங்கத்தான் செய்கிறது. அது பொய் இல்லை. சோற்றையும் இட்லியையும் திடீரென்று நிறுத்தும்போது, கல்லீரலிலும் தசையிலும் சேமிப்பில் இருக்கும் மாவுச்சத்து தீர்கிறது. அந்தச் சேமிப்பில் ஒவ்வொரு கிராமும் ஏறத்தாழ மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சேமிப்பு தீரும்போது அந்தத் தண்ணீரும் வெளியேறிவிடும். பழைய சாப்பாட்டுக்குத் திரும்பிய சில நாட்களில் அது அத்தனையும் திரும்பி வரும். பணம் மட்டும் திரும்பாது.

இதைச் சொல்வதால், எடை குறைக்கப் பணம் கட்டுவதே வீண் என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். எடையைப் பற்றிய கவலை நியாயமானது. தேசியக் குடும்ப நல ஆய்வின்படி 2019–21இல் தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதம் பேரும் ஆண்களில் 37 சதவீதம் பேரும் அதிக எடையோடு இருந்தார்கள். அதற்கு முந்தைய ஆய்வில் பெண்கள் 30.9 சதவீதம்தான். நம் உடல்வாகுக்கு ஆபத்து சீக்கிரமே தொடங்கிவிடுகிறது என்பதால் இந்திய மருத்துவர்கள் அதிக எடைக்கான பிஎம்ஐ அளவை 25இலிருந்து 23க்கு இறக்கி வைத்திருக்கிறார்கள். அதைவிட எளிய கணக்கு இடுப்பளவு. ஆணுக்கு 90 சென்டிமீட்டரையும் பெண்ணுக்கு 80 சென்டிமீட்டரையும் தாண்டினால் கவனிக்க வேண்டும். தையல்காரரிடம் இருக்கும் நாடா போதும்; ஐந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு மெஷினில் ஏற்றி 'உங்கள் உடம்பின் வயது 58' என்று பயமுறுத்த ஆள் தேவையில்லை.

எங்கள் அத்திப்பட்டில் இந்தக் கவலைக்குக் கூடுதல் காரணங்கள் உண்டு. வட சென்னை அனல் மின் நிலையம், வல்லூர் அனல் மின் நிலையம், காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளி என்று சுற்றிலும் ஷிஃப்ட் வேலைதான். இரவு முழுக்க விழித்திருப்பவர் ஒன்பது மணிக்குப் பரோட்டா, இரண்டு மணிக்கு டீயும் வடையும், காலை வீட்டுக்கு வந்ததும் ஒரு தட்டு சோறு என்று சாப்பிட்டுப் படுத்தால் அது சோம்பேறித்தனம் இல்லை. வேலையின் அமைப்பே அப்படி. தூக்கம் கெட்டால் பசி கூடும் என்பது மருத்துவம் நிரூபித்த விஷயம். "காலையில ஒரு மணி நேரம் நடங்க" என்று டாக்டர் சொல்லி அனுப்புகிறார். எங்கே நடப்பது? சாலையில் டிரெய்லர் லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாக நிற்கின்றன. காற்றில் நிலக்கரித் தூளும் சாம்பலும். அத்திப்பட்டு புதுநகர் ஸ்டேஷன் நடைமேடையில் இரண்டு ரயில்களுக்கு நடுவே மேலும் கீழும் நடக்கிற பெண்களைப் பார்க்கும்போது, இந்த ஊருக்கு ஒரு நடைபாதைகூட வாய்க்கவில்லையே என்று மனம் கொதிக்கிறது. 2023 நவம்பரில் தமிழக அரசு 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று மாவட்டத்துக்கு ஒரு எட்டு கிலோமீட்டர் நடைபாதையை அறிவித்தது. சென்னைக்கு வாய்த்தது பெசன்ட் நகர் கடற்கரை.

எங்கள் தெருவில் ஒரு அக்காவுக்கு எடை குறைக்கும் மையம் ஒன்றிலிருந்து போன் வந்தது. மூன்று மாதத் திட்டம், 18,000 ரூபாய், இன்றிரவுக்குள் கட்டினால் பாதி. போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னிடம் கேட்டார். "முட்டி வலி தாங்கலம்மா. சீட்டுப் பணம் கையில இருக்கு. கட்டிடட்டுமா?"

"நாலாவது மாசம் உங்களை யாருக்கா கூப்பிட்டுப் பேசுவாங்க? அதை மட்டும் கேளுங்க" என்றேன்.

கேட்டார். "அதுக்கு மறுபடி பேக்கேஜ் போட்டுக்கணும் மேடம்" என்று பதில் வந்தது. தைராய்டு, சர்க்கரை பார்க்க வேண்டாமா என்று கேட்டதற்கு, "எங்க பவுடர் எல்லாத்துக்கும் நல்லது" என்றார்கள். அன்றிரவு அக்கா பணம் கட்டவில்லை. மறுநாள் காலை அதே ஆள், அதே பாதி விலைக்கு, மறுபடி கூப்பிட்டார்.

நான்காவது மாதத்தைப் பற்றி நான் கேட்கச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. அந்தப் பாடம் நம் வட சென்னையிலிருந்தே வந்தது. ராயபுரத்தில் டாக்டர் எம். விஸ்வநாதன் 1954இல் தொடங்கிய எம்.வி. நீரிழிவு மருத்துவமனையில், டாக்டர் ஏ. ராமச்சந்திரன் தலைமையில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 பேரை மூன்று ஆண்டுகள் கவனித்தார்கள். 2006இல் முடிவு வெளியானது. வழக்கமான அறிவுரையோடு விடப்பட்டவர்களில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்துவிட்டது. உணவிலும் நடையிலும் மாற்றம் சொல்லித் தொடர்ந்து பின்தொடரப்பட்டவர்களில் அது 39.3 சதவீதமாகக் குறைந்தது. அவர்களுக்குப் பவுடர் தரவில்லை, பெல்ட் கட்டவில்லை. சர்க்கரையையும் எண்ணெயையும் குறை, தினமும் அரை மணி வேகமாக நட என்றார்கள். மாதம் ஒருமுறை போனில் விசாரித்தார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை நேரில் பார்த்தார்கள். இதில் என்னை மிகவும் யோசிக்க வைத்த விஷயம், அவர்களுடைய எடை சொல்லும்படியாக இறங்கவே இல்லை என்பது. எடை மெஷின் அசையாத நிலையிலும் நோய் தள்ளிப் போயிருக்கிறது.

அதே ராமச்சந்திரன் குழு, இதே விளிம்பில் இருந்த, வேலைக்குப் போகும் ஆண்கள் 537 பேரை வைத்துச் செய்த இன்னொரு ஆய்வு 2013இல் வந்தது. இந்த முறை செல்போனுக்கு எஸ்எம்எஸ் மட்டும்தான். வாரத்துக்குச் சில குறுஞ்செய்திகள்: என்ன சாப்பிடலாம், எப்படி நடக்கலாம் என்று. இரண்டு ஆண்டில், செய்தி வராதவர்களில் 27 சதவீதம் பேருக்கும் வந்தவர்களில் 18 சதவீதம் பேருக்கும் நோய் வந்தது.

பணம் வாங்கும் திட்டங்களையும் மேலை நாடுகளில் சோதித்திருக்கிறார்கள். பிரிட்டனில் 1,269 பேரைக் கொண்டு நடந்து 2017இல் வெளியான ஆய்வில், ஒரு கையேட்டையும் கொஞ்சம் அறிவுரையையும் பெற்றவர்கள் ஓராண்டு முடிவில் சராசரியாக 3.26 கிலோ குறைந்தார்கள். வெயிட் வாட்சர்ஸ் குழுவுக்கு 12 வாரம் போனவர்கள் 4.75 கிலோ. அதே குழுவுக்கு 52 வாரம் போனவர்கள் 6.76 கிலோ. சொல்லித் தந்த விஷயம் ஏறக்குறைய ஒன்றுதான். எத்தனை நாள் கூட இருந்தார்கள் என்பதில்தான் வித்தியாசம். ஆகவே நாம் பணம் கொடுப்பது ரகசியத்துக்காக அல்ல, வாரா வாரம் அக்கறையோடு விசாரிக்கிற ஒரு ஆளுக்காக. அந்த ஆள் ஒரு வருடம் இருப்பார் என்றால், மாதா மாதம் கட்டும் சிறு தொகைக்கு மதிப்பு உண்டு. மொத்தமாக முன்பணம் கேட்கிறவருக்கு, பணம் கைக்கு வந்த பிறகு உங்கள்மேல் அக்கறைப்பட எந்தத் தேவையும் இல்லை. ஒரே நேரத்தில் மூன்று மாதப் பணத்துக்கு மேல் யார் கேட்டாலும் கொடுக்க வேண்டாம் என்பது என் கருத்து.

கட்டுவதற்கு முன் மருத்துவப் பரிசோதனை கட்டாயம். தைராய்டு குறைபாடு, பிசிஓடி, சில மாத்திரைகள் ஆகியவையும் எடையைக் கூட்டும். ஸ்டான்லி மருத்துவமனையிலோ பொன்னேரி அரசு மருத்துவமனையிலோ ஒரு காலைப் பொழுதைச் செலவழித்தால் இது தெரிந்துவிடும். இலவசம் என்பதற்காக யூடியூப் வைத்தியத்துக்குப் போவது இன்னும் ஆபத்து. 2026 ஜனவரியில் மதுரையில் ஒரு கல்லூரி மாணவி, எடை குறையும் என்று காணொளியில் பார்த்து வெங்காரம் வாங்கிச் சாப்பிட்டு உயிரையே விட்டாள். அந்தச் செய்தியைப் படித்த நாளிலிருந்து இந்தக் கட்டுரையை எழுத வேண்டும் என்று இருந்தேன்.

சாப்பாட்டைப் பற்றிச் சுருக்கமாக. சென்னை ஆய்வாளர்கள் முன்னின்று நடத்திய ஐசிஎம்ஆர் ஆய்வு 2025இல் சொன்னது: இந்தியர்களின் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது. அரிசியை விட்டுக் கோதுமைக்கோ சிறுதானியத்துக்கோ மாறினாலும், மொத்த மாவுச்சத்து குறையாவிட்டால் பலன் இல்லை. சோற்றைப் பாதியாக்கி அந்த இடத்தில் பருப்பு, சுண்டல், முட்டை, மீன் வர வேண்டும். எண்ணூரையும் காசிமேட்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, காரப்பொடியும் கவளையும் மலிவாகக் கிடைக்கும் ஊரில், டப்பாவில் வரும் புரதப் பவுடருக்கு ஆயிரக்கணக்கில் கொடுப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. மீனைப் பொரிக்காமல் குழம்பு வைத்தால் போதும். வாரத்துக்கு அரைக் கிலோ குறைவதே பாதுகாப்பான வேகம் என்கிறது ஊட்டச்சத்து நிறுவனம். எழுபது கிலோ உள்ளவர் மூன்றரை கிலோ குறைத்து அதைத் தக்கவைத்தாலே ரத்த அழுத்தத்திலும் சர்க்கரையிலும் நல்ல மாற்றம் தெரியும்.

எடை குறைக்கும் ஊசியைப் பற்றியும் இப்போது எல்லோரும் கேட்கிறார்கள். மவுஞ்சாரோ 2025 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்தபோது, வாரம் ஒன்று போடும் ஊசியின் தொடக்க அளவு 3,500 ரூபாய், மாதம் 14,000. வெகோவி அதே ஆண்டு ஜூனில் வந்தது. இவை வேலை செய்யும் மருந்துகள்தான், அதில் சந்தேகமில்லை. வெகோவியின் மருந்தான செமாக்ளூடைடை 68 வாரம் போட்டுக்கொண்டவர்கள் சராசரியாக எடையில் 15 சதவீதம் குறைந்தார்கள். நிறுத்திய ஓராண்டில், இறங்கியதில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி ஏறியது. எத்தனை வருடம் இந்தச் செலவைத் தாங்க முடியும் என்று யோசிக்காமல் தொடங்கக் கூடாது. டாக்டர் சீட்டு இல்லாமல் இதைத் தருகிறேன் என்பவரிடம் போகவே கூடாது.

எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்டிலிருந்து வீட்டு வாசலுக்கே வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை கொடுக்கிறது. மிகப் பெரிய காரியம் அது. அதற்காக வீடு வீடாக வரும் சகோதரிகளின் பையில் ஒரு நாடாவையும், நோய் இன்னும் வராதவர்களுக்கு மாதம் ஒரு போன் போடும் பொறுப்பையும், அதற்குத் தக்க சம்பளத்தையும் சேர்த்துக் கொடுத்தால் ராயபுரத்தில் நிரூபித்தது அத்திப்பட்டில் இலவசமாகவே நடக்கும். மின் நிலையங்களும் துறைமுகமும் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து, லாரி வராத, விளக்குள்ள ஒரு நடைபாதையை இந்த ஊருக்குப் போட்டுத் தரட்டும்.

ஏற்கெனவே பணம் கட்டிவிட்டவர்களுக்கு: உடல் பருமனைக் குணமாக்கும் மருந்து என்று விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய மருத்துவ விளம்பரச் சட்டம் தடை செய்கிறது, அதன் பட்டியலில் உடல் பருமன் பெயர் சொல்லியே இருக்கிறது. 2025 ஜூலையில் விஎல்சிசி நிறுவனத்துக்கு, ஒரே அமர்வில் 600 கிராமும் 7 சென்டிமீட்டரும் குறையும் என்பது போன்ற விளம்பரங்களுக்காக, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் மூன்று லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. அத்தனை பெரிய நிறுவனத்தையே கேட்க முடிகிறது என்றால் தெருமுனை மையத்தையும் கேட்கலாம். 1915 என்ற எண்ணில் புகார் சொல்லலாம். நிறுவனம் எங்கே இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் திருவள்ளூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கட்டிய தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. ரசீது, விளம்பரத்தின் போட்டோ, வாட்ஸ்அப்பில் அவர்கள் கொடுத்த வாக்குறுதி, ஜிபே விவரம் ஆகியவற்றை அழிக்காமல் வைத்திருங்கள். 'பணம் திருப்பித் தரப்படாது' என்று ரசீதின் பின்னால் பொடி எழுத்தில் அச்சடித்திருந்தாலும் புகார் கொடுக்கத் தடையில்லை.