2.24 சரியா, 2.4 சரியா?

உயர்நிலை மூன்றில் வேதியியல் படிக்கும் மாணவி ஒருவர் அண்மையில் நோட்டுப் புத்தகத்தோடு என்னிடம் வந்தார். “டீச்சர், இணையத்தில் ஓர் அண்ணன் இலவசமாகச் சொல்லிக்கொடுக்கிறார். அவருடைய விடை 2.24 லிட்டர். பயிற்சிப் புத்தகத்தில் 2.4 என்று இருக்கிறது. யார் சொல்வது தப்பு?”

கேள்வி இதுதான்: 2.4 கிராம் மக்னீசியத்தைத் தேவைக்கு அதிகமான ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டால் எவ்வளவு ஹைட்ரஜன் வாயு கிடைக்கும்?

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மக்னீசியத்தின் சார்பு அணு நிறை 24. எனவே 2.4 கிராம் என்பது 0.1 மோல். ஒரு மோல் மக்னீசியத்துக்கு ஒரு மோல் ஹைட்ரஜன் வரும். ஆகவே 0.1 மோல் ஹைட்ரஜன். இதுவரை இருவரும் ஒரே வழியில்தான் போயிருக்கிறார்கள்.

அடுத்த படியில்தான் பிரிகிறார்கள். சிங்கப்பூரில் நாம் அறை வெப்பநிலையில் ஒரு மோல் வாயுவின் கனஅளவை 24 லிட்டர் என்று எடுத்துக்கொள்கிறோம். அந்த அண்ணன் தமிழ்நாட்டில் படித்தவர். அங்குள்ள பாடப்புத்தகத்தில் 22.4 லிட்டர் என்று இருக்கும். அது 0 டிகிரி செல்சியசில் உள்ள அளவு. சூடானால் வாயு விரியும் அல்லவா? 22.4ஐ 273ஆல் வகுத்து 293ஆல் பெருக்குங்கள். 20 டிகிரியில் ஏறக்குறைய 24 லிட்டர் வந்துவிடும். இரண்டு எண்களும் உண்மைதான், வெப்பநிலைதான் வேறு.

பிறகு அந்த மாணவி அனுப்பிய கேள்வியை வாங்கிப் பார்த்தேன். “அறை வெப்பநிலையிலும் அழுத்தத்திலும்” என்ற சொற்களைத் தட்டச்சு செய்யாமல் விட்டிருந்தார்! அண்ணன் தம் பாடத்திட்டத்தின்படி பதில் சொல்லியிருக்கிறார். ஆனால் அதை அப்படியே தேர்வில் எழுதியிருந்தால் மதிப்பெண் போயிருக்கும்.

எல்லா நேரத்திலும் குறை கேள்வியில் இருக்காது. பந்தை நேராக மேலே எறிகிறோம். உச்சியில் அதன் முடுக்கம், அதாவது ஆக்சிலரேஷன், எவ்வளவு? “பந்து ஒரு கணம் நிற்கிறது, எனவே பூஜ்யம்” என்று நன்றாகப் படித்தவர்கள்கூடத் தயங்காமல் சொல்வதுண்டு. இது தவறு. பூஜ்யமாவது திசைவேகம் மட்டுமே. முடுக்கமும் பூஜ்யமானால் திசைவேகம் மாறவே மாறாது. பந்து அந்தரத்திலேயே தொங்கிக்கொண்டிருக்கும். பந்து கீழே விழுகிறதே! உச்சியிலும் முடுக்கம் கீழ்நோக்கி ஏறக்குறைய 10 மீட்டர்/வினாடி² தான். இதைக் கண்டுபிடிக்க ஆசிரியர் தேவையில்லை. “இது உண்மையானால் அடுத்து என்ன நடக்கும்?” என்று ஒரு கேள்வி கேட்டாலே போதும்.

தொண்டூழியர்கள் தங்கள் நேரத்தை நமக்காகத் தருபவர்கள்; அவர்களைக் குறை சொல்வது நியாயமில்லை. ஆனால் நல்ல மனமும் சரியான விடையும் ஒன்றல்ல. இதை உணர்ந்தே சில அமைப்புகள் விடைகளைச் சரிபார்க்க ஏற்பாடு செய்தன. அமெரிக்காவின் சுவார்த்மோர் கல்லூரியில் 1994இல் ‘ஆஸ்க் டாக்டர் மேத்’ சேவை தொடங்கியது. மாணவர்களின் கணக்குகளுக்குத் தொண்டூழியர்கள் பதில் எழுதினார்கள். புதியவர் எழுதிய பதிலை அனுபவமுள்ளவர் பார்த்த பிறகே மாணவருக்கு அனுப்பினார்கள். கான் அகாடமியின் நிறுவனர் சல்மான் கான் 2020இல் தொடங்கிய ‘ஸ்கூல்ஹவுஸ்’ தளத்தில், சொல்லிக்கொடுக்க வருபவர் முதலில் அந்தத் தலைப்பில் தேர்வு எழுத வேண்டும். 90 விழுக்காடாவது பெற வேண்டும். எப்படி யோசித்தார் என்பதையும் வாய்விட்டு விளக்கிப் பதிவு செய்ய வேண்டும்.

நீங்கள் சேர்ந்திருக்கும் உரையாடல் குழுவில் இப்படி யாராவது சரிபார்க்கிறார்களா? இல்லையென்றால் அந்த வேலை உங்களுடையது. அதற்கு மூன்று பழக்கங்கள் போதும்.

முதலாவது, கேள்வியை முழுமையாக அனுப்புங்கள். எந்த நாடு, எந்த வகுப்பு, நீங்கள் எதுவரை போட்டுப் பார்த்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

இரண்டாவது, விடையை மட்டும் வாங்காதீர்கள், படிகளைக் கேளுங்கள். வெறும் ‘2.24’ஐ வைத்துக்கொண்டு எதையும் சரிபார்க்க முடியாது. ‘22.4 லிட்டர்’ என்ற படி கண்ணில் பட்டால்தான் “இது எங்கிருந்து வந்தது?” என்று கேட்கத் தோன்றும்.

மூன்றாவது, வேறோர் இடத்தில் ஒத்துப்பாருங்கள். பாடப்புத்தகம் இருக்கிறது. கல்வி அமைச்சின் மாணவர் கற்றல் தளம் இருக்கிறது. நேரில் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டுமென்றால், பியேட்டி சாலையில் இருக்கும் சிண்டா துணைப்பாட வகுப்புகளை நடத்துகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, உங்கள் ஆசிரியர் இருக்கிறார். “இரண்டு விடை வருகிறது” என்று வரும் மாணவரை எந்த ஆசிரியருக்கும் பிடிக்கும்.

அந்த மாணவி அன்று மாலையே 24க்கும் 22.4க்கும் உள்ள வேறுபாட்டை அண்ணனுக்கு விளக்கி எழுதினாராம். அவரிடமிருந்து நன்றி சொல்லிப் பதில் வந்தது. இனிமேல் சிங்கப்பூர் மாணவர்கள் கேட்டால், முதலில் வெப்பநிலையைக் கேட்டுக்கொள்வதாகவும் எழுதியிருந்தார்.