எல்லையை எங்கே போடுவது? பிரெக்ஸிட்டும் வட அயர்லாந்தும்

பெல்பாஸ்ட் நகர சூப்பர் மார்க்கெட்டுகளில் விற்கும் பால், இறைச்சிப் பொட்டலங்கள் பலவற்றின் மேல் ஒரு வரி அச்சிடப்பட்டிருக்கிறது: ‘ஐரோப்பிய ஒன்றியத்துக்கு அல்ல’. இந்தப் பொருளை இங்கே விற்கலாம். சுமார் ஒரு மணி நேரப் பயணத்தில் வந்துவிடும் எல்லையைத் தாண்டி, அயர்லாந்து குடியரசில் விற்கக் கூடாது. வாங்குபவர் அதைக் கவனிக்காமலே கூடையில் போட்டுக்கொள்ளலாம். ஆனால், இந்த ஒரு வரி அச்சேறுவதற்குள் பிரிட்டனில் பிரதமர்கள் மாறினார்கள், வட அயர்லாந்தின் ஆட்சி முடங்கியது, லண்டனும் பிரஸ்ஸல்ஸும் ஒரே சிக்கலுக்கு மீண்டும் மீண்டும் ஒப்பந்தம் எழுத வேண்டிவந்தது.

ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகலாம் என்று 2016 ஜூன் 23 அன்று பிரிட்டனில் வாக்களித்தவர்களில் 51.9% பேர் முடிவு செய்தார்கள். வட அயர்லாந்தில் மட்டும் எடுத்துக்கொண்டால், நீடிக்க வேண்டும் என்றவர்களே 55.8%. விலகலின் விளைவு மிகச் சிக்கலாக வந்து விழுந்ததும் அந்த மண்ணில்தான்.

வரி இல்லை, எல்லை உண்டு

2020 ஜனவரி 31 அன்று பிரிட்டன் வெளியேறியது. அந்த ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் கையெழுத்துக்குத் தயாரான வணிக ஒப்பந்தம், இரு தரப்புப் பொருட்களுக்கும் சுங்க வரி கிடையாது என்றது. பிறகு ஏன் டோவர் துறைமுகத்தில் லாரி ஓட்டுநர்கள் காகிதக் கட்டுகளோடு நிற்க வேண்டும்?

வரி வசூல், எல்லையில் நடக்கும் வேலைகளில் ஒன்றுதான். பொருள் எங்கே செய்யப்பட்டது என்று பார்ப்பது இன்னொன்று. பிரிட்டனில் செய்ததற்குத்தான் வரிவிலக்கு. சீனாவிலிருந்து இங்கிலாந்துக் கிடங்குக்கு வந்த சட்டையை அப்படியே டப்ளினுக்கு அனுப்பினால் வரி உண்டு. உணவு, விலங்கு, தாவரம் என்றால் சோதனை இன்னும் கடுமை. இறைச்சியோ பாலாடைக்கட்டியோ ஐரோப்பாவுக்குப் போக, கால்நடை மருத்துவர் கையெழுத்திட்ட சுகாதாரச் சான்றிதழ் வேண்டும். பெரிய நிறுவனங்கள் இதற்கென ஆள் போட்டுக்கொண்டன. மாதத்துக்கு நாலைந்து பெட்டி அனுப்பிவந்த சிறு தயாரிப்பாளர்கள் பலருக்குச் சான்றிதழ் செலவிலேயே லாபம் கரைந்தது, ஏற்றுமதியை விட்டுவிட்டார்கள். ஐரோப்பிய உணவுக்குப் பிரிட்டன் தன் பக்கச் சோதனைகளைப் பலமுறை தள்ளிப்போட்டு, 2024இல்தான் தொடங்கியது. விலகியதால் நாட்டின் உற்பத்தித்திறன் நீண்ட காலத்தில் 4% குறையும் என்பது, பிரிட்டன் அரசின் நிதிநிலையைக் கண்காணிக்கும் தன்னாட்சி அமைப்பின் மதிப்பீடு.

டோவரில் பிரச்சினை தாமதமும் செலவும்தான். அயர்லாந்துத் தீவில் அதோடு ரத்தம் சிந்திய வரலாறும் சேர்ந்துகொள்கிறது.

மூன்றில் இரண்டுதான்

1921இல் பிரிக்கப்பட்ட அந்தத் தீவின் குறுக்கே சுமார் 500 கிலோமீட்டருக்கு எல்லை ஓடுகிறது. அதைக் கடக்கும் சாலைகள் 200க்கும் மேல். பிரிட்டனோடு இருக்க விரும்பும் யூனியனிஸ்ட்டுகளுக்கும், அயர்லாந்தோடு இணைய விரும்பும் தேசியவாதிகளுக்கும் இடையிலான மோதலில் சுமார் 3,500 பேர் உயிரிழந்தார்கள். எல்லையில் ராணுவச் சாவடிகள் நின்ற காலம் அது. ஐரோப்பிய ஒற்றைச் சந்தை 1993இல் சுங்கச் சாவடிகளைத் தேவையற்றதாக்கியது. 1998 புனித வெள்ளி ஒப்பந்தம் துப்பாக்கிகளை ஓயவைத்தது. இன்று அந்த எல்லையைக் கடப்பவருக்கு, வேகக் கட்டுப்பாட்டுப் பலகை மைலிலிருந்து கிலோமீட்டருக்கு மாறுவதுதான் அடையாளம். வடக்கே கறக்கும் பாலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தெற்கே பதப்படுத்தப் போகிறது.

பிரெக்ஸிட் இந்த ஏற்பாட்டை உலுக்கியது. பிரிட்டன் ஒற்றைச் சந்தையை விட்டு வெளியேற வேண்டும். தீவுக்குள் சாவடி வரக் கூடாது. வட அயர்லாந்துக்கும் பிரிட்டனின் மற்ற பகுதிகளுக்கும் நடுவே கடலிலும் சோதனை கூடாது. லண்டன் இந்த மூன்றுக்கும் வாக்குறுதி தந்தது. மூன்றில் எந்த இரண்டை எடுத்தாலும் மூன்றாவது கிடைக்காது.

பிரதமர் தெரசா மே, வேறு தீர்வு கிடைக்கும்வரை நாடு முழுவதையும் ஐரோப்பியச் சுங்க ஏற்பாட்டுக்குள் வைத்திருக்கலாம் என்றார். 2019 ஜனவரியில் நாடாளுமன்றம் அதை 432க்கு 202 என்ற கணக்கில் தூக்கி எறிந்தது. அவர் பதவியும் போனது. அடுத்து வந்த போரிஸ் ஜான்சன், எந்த கன்சர்வேட்டிவ் அரசும் கடலில் எல்லை போட ஒப்புக்கொள்ளக் கூடாது என்று 2018இல் பெல்பாஸ்ட்டில் முழங்கியவர். மறு ஆண்டே அதற்கு ஒப்புக்கொண்டார். சரக்கு விஷயத்தில் வட அயர்லாந்து ஐரோப்பிய விதிகளையே பின்பற்றும். சோதனை பெல்பாஸ்ட், லார்ன் போன்ற துறைமுகங்களில் நடக்கும். படிவம் நிரப்பச் சொன்னால் குப்பைத் தொட்டியில் போடுங்கள் என்று அவர் வணிகர்களிடம் சொன்னாலும், படிவம் வந்தே தீர்ந்தது.

விதையும் சாஸேஜும்

2021 ஜனவரியில் ஏற்பாடு நடைமுறைக்கு வந்ததும், முதலில் அடிபட்டவை சாதாரணப் பொருட்கள். ஸ்காட்லாந்து விதை உருளைக்கிழங்கு வட அயர்லாந்துக்கு வரத் தடை. மண் ஒட்டிய செடிகளுக்கும் சிக்கல். இங்கிலாந்தின் குளிரூட்டிய சாஸேஜுக்கு வரவிருந்த தடை மீதான சர்ச்சையை, பத்திரிகைகள் ‘சாஸேஜ் யுத்தம்’ என்றே எழுதின. துறைமுக ஊழியர்களுக்கு மிரட்டல் வந்ததால் பிப்ரவரியில் சோதனைகள் சில நாட்கள் நிறுத்திவைக்கப்பட்டன.

யூனியனிஸ்ட்டுகளின் கோபம் சாஸேஜுக்காக அல்ல. ‘நாங்களும் பிரிட்டன் என்றால், பிரிட்டனிலிருந்து எங்களுக்கு வரும் பொருளுக்கு எதற்குச் சோதனை?’ என்பதுதான் அவர்களின் கேள்வி. வட அயர்லாந்தில் இரு சமூகங்களும் சேர்ந்தே ஆள வேண்டும். ஒரு தரப்பு எழுந்து போனால் அரசு கவிழும். 2022 பிப்ரவரியில் ஜனநாயக யூனியனிஸ்ட் கட்சி அப்படித்தான் வெளியேறியது. இரண்டு ஆண்டுகள் முழு அரசு இல்லை. மருத்துவமனைக் காத்திருப்புப் பட்டியலிலிருந்து ஆசிரியர் சம்பளம் வரை முடிவெடுக்க முழு அதிகாரமுள்ள அமைச்சர்கள் இல்லாமல் போனார்கள்.

ரிஷி சுனக் 2023 பிப்ரவரியில் செய்துகொண்ட விண்ட்சர் உடன்பாடு, கடல் எல்லையை மெலிதாக்கியது. வட அயர்லாந்திலேயே விற்பனையாகும் சரக்குக்குப் பச்சைத் தடம், காகித வேலை குறைவு. தெற்கே போகக்கூடிய சரக்குக்குச் சிவப்புத் தடம், முழுச் சோதனை. பச்சைத் தடத்தில் வரும் உணவு தெற்கே நழுவிவிடக் கூடாது என்பதற்காகவே அந்த ‘ஐரோப்பிய ஒன்றியத்துக்கு அல்ல’ முத்திரை. திருத்தப்பட்ட ஐரோப்பிய விதி ஏதும் பிடிக்கவில்லையென்றால், வட அயர்லாந்துப் பேரவையில் குறைந்தது இரு கட்சிகளைச் சேர்ந்த 30 உறுப்பினர்கள் சேர்ந்து தடுத்து நிறுத்தக் கோரலாம். ஜனநாயக யூனியனிஸ்ட் கட்சி திரும்பிவந்து, 2024 பிப்ரவரியில் பேரவை மீண்டும் கூடியபோது, ஷின் ஃபெய்ன் கட்சியின் மிஷெல் ஓ’நீல் முதலமைச்சரானார். யூனியனிஸ்ட் பெரும்பான்மை நிலைத்திருக்க உருவாக்கப்பட்ட பகுதியில், அந்தப் பதவிக்கு வந்த முதல் தேசியவாதி அவர்.

யாருக்குத் திறந்த எல்லை?

வட அயர்லாந்துக்கு இதில் ஆதாயமும் உண்டு. அங்கே தயாராகும் பொருள் பிரிட்டனுக்கும் ஐரோப்பாவுக்கும் தடையின்றிப் போகலாம். லண்டன் தொழிற்சாலைக்குக்கூட இந்த வசதி இல்லை. ஆனால், அயர்லாந்தின் திறந்த எல்லை எல்லோருக்கும் திறந்ததல்ல. பிரிட்டிஷ், அயர்லாந்துக் குடிமக்களுக்கு மட்டுமே பொதுப் பயணப் பகுதியின் உரிமை. பெல்பாஸ்ட்டில் மாணவர் விசாவில் படிக்கும் இந்தியர் ஒருவர் டப்ளினுக்குப் பேருந்து ஏறினால், வழியில் சாவடி இல்லாவிட்டாலும் அயர்லாந்து விசா வேண்டும். இந்த விதி பிரெக்ஸிட்டுக்கு முன்பே இருந்தது. சாவடி இல்லாத இடத்திலும் எல்லை இருக்கும் என்பதற்கு அது சாட்சி.

சரக்கு விஷயத்தில் வட அயர்லாந்து ஐரோப்பிய விதிகளைப் பின்பற்றும் ஏற்பாடு நீடிக்கலாமா என்ற கேள்வி 2024 டிசம்பரில் பேரவைக்கு வந்தது. 48க்கு 36 என்று நிறைவேறியது. யூனியனிஸ்ட் உறுப்பினர்கள் எதிர்த்தே வாக்களித்தார்கள். இரு சமூக ஆதரவும் கிடைத்திருந்தால் எட்டு ஆண்டுகளுக்கு நீடித்திருக்கும். கிடைக்காததால் நான்கு ஆண்டுகள்தான்.

2025 மே மாதம் கெய்ர் ஸ்டார்மர் அரசு, உணவு, விவசாயப் பொருட்களுக்குப் பொதுவான விதிகளை நோக்கிச் செல்ல ஐரோப்பிய ஒன்றியத்தோடு கொள்கையளவில் ஒப்புக்கொண்டது. அது நிறைவேறினால் டோவரிலும் லார்னிலும் சான்றிதழ்கள் பெருமளவு குறையும். அதற்கு விலை இருக்கிறது: பிரஸ்ஸல்ஸ் விதியை மாற்றும்போதெல்லாம் பிரிட்டனும் மாற்ற வேண்டும், அந்த முடிவில் வாக்குரிமை இல்லாமலேயே. ஒன்றியத்துக்குள் இருந்தபோது அந்த மேசையில் பிரிட்டனுக்கு நாற்காலி இருந்தது.

இரண்டு நிலப்பரப்புகளின் விதிகள் வேறாகும்போது, எங்கோ ஓரிடத்தில் யாராவது பெட்டியைத் திறந்து பார்த்தாக வேண்டும். அதைத் தரையில் செய்வதா, துறைமுகத்தில் செய்வதா, முத்திரை குத்திச் சமாளிப்பதா என்பது மட்டுமே பேச்சுவார்த்தைக்கு உட்பட்டது. சோதனையே வேண்டாம் என்றால் விதிகள் ஒன்றாக வேண்டும். ‘கட்டுப்பாட்டை மீட்போம்’ என்று வாக்குக் கேட்டவர்கள், இந்த இரண்டில் எதைத் தேர்வார்கள் என்று 2016இல் சொல்லவில்லை. அந்தத் தேர்வைத்தான் பிரிட்டன் இப்போது தவணை முறையில் செய்துகொண்டிருக்கிறது.