ஃபேக் ஐடிக்காரன் ஏன் சிக்குவதில்லை?

டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள். ஒரு பெண்ணின் படத்தைத் திருடி இன்ஸ்டாகிராமில் ஃபேக் ஐடி தொடங்கியவன், புகார் கொடுத்துப் பல மாதம் ஆகியும் சிக்கவில்லை. போலீஸ் என்னதான் செய்கிறது என்று கோபப்படுகிறீர்கள். கோபம் நியாயம்தான். ஆனால் அந்த மாதங்கள் எங்கே போகின்றன என்று பாருங்கள்.

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் வழக்கு என்றால், 78-ஆவது பிரிவுப்படி இன்ஸ்பெக்டருக்குக் குறைந்தவர் விசாரிக்க முடியாது. சப்-இன்ஸ்பெக்டர்கள் எத்தனை பேர் இருந்தாலும் சுமை இன்ஸ்பெக்டர் தலையில்தான்.

அவர் இன்ஸ்டாகிராம் நிறுவனத்துக்கு எழுதுகிறார். கணக்கு தொடங்கிய போன் எண்ணும் ஐ.பி. முகவரியும் வரும். போன் எண் பெரும்பாலும் வேறு யார் பெயரிலோ வாங்கிய சிம். மிச்சம் ஐ.பி. முகவரி. சிக்கலே அதில்தான்.

நம் நாட்டில் போன்கள் ஏராளம், பழைய வகை ஐ.பி. முகவரிகள் குறைவு. அதனால் செல்போன் நிறுவனங்கள் ஒரே முகவரியைப் பல போன்களுக்கு ஒரே நேரத்தில் பகிர்ந்து கொடுக்கின்றன. பழைய ஸ்டோர் வீடு போலத்தான்: வாசலில் கதவு எண் ஒன்று, உள்ளே குடித்தனம் பல. எந்தக் குடித்தனம் என்று அறிய, ஒவ்வொரு இணைப்பையும் பிரித்துக் காட்டும் போர்ட் எண்ணும் நொடி பிசகாத நேரமும் வேண்டும். போர்ட் எண் பதிவாகவில்லை என்றால் தேடல் அங்கேயே நின்றுவிடும். நேரமோ பெரும்பாலும் யு.டி.சி. என்ற உலகப் பொது நேரக் கணக்கில் வருகிறது, நம் நேரம் அதற்கு ஐந்தரை மணி முன்னால். கூட்ட மறந்தால் சம்பந்தமே இல்லாத ஒருவர் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள். எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான்.

அவன் அனுப்பிய செய்திகள் வேண்டுமென்றால் வழி இன்னும் நீளம். அமெரிக்க நிறுவனம் செய்தியின் உள்ளடக்கத்தை வெளிநாட்டுப் போலீசுக்கு நேரடியாகத் தர அந்நாட்டுச் சட்டம் பொதுவாக இடம் தராது. 2005 முதல் நடப்பில் உள்ள இருநாட்டு ஒப்பந்தத்தின்படி, மனு டெல்லி உள்துறை வழியாக அமெரிக்க நீதித்துறைக்குப் போய், அங்குள்ள நீதிமன்ற உத்தரவோடு திரும்ப வேண்டும். நாடுகள் சைபர் குற்றச் சான்றுகளைப் பரிமாறிக்கொள்வதற்கான புடாபெஸ்ட் உடன்படிக்கையில் இலங்கை 2015-இலேயே சேர்ந்துவிட்டது. இந்தியா சேரவில்லை. நம்மைக் கேட்காமல் எழுதிய உடன்படிக்கை என்ற தயக்கம் புரிகிறது. ஆனால் அந்தத் தயக்கத்தின் விலையைக் கொடுப்பது புகார் கொடுத்த பெண்.

எல்லாம் கிடைத்தாலும், 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆவது பிரிவு மின்னணுச் சான்றுக்கு, கோப்பு மாறவில்லை என்று காட்டும் ஹாஷ் மதிப்போடு சான்றிதழ் கேட்கிறது. வெறும் ஸ்கிரீன்ஷாட்டை நம்பி வழக்கு நிற்காது.

ஆகவே உங்கள் வீட்டில் இப்படி நடந்தால், ரிப்போர்ட் அடிப்பதற்கு முன் அந்தப் பக்கத்தின் முழு லிங்க்கையும் நாள், நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். பெயரை அவன் எப்போது வேண்டுமானாலும் மாற்றுவான். நீக்கிய பதிவின் விவரத்தை நிறுவனம் வைத்திருக்க வேண்டிய காலம், 2021 விதிகளின்படி, 180 நாள். அவமானத்துக்கு அஞ்சித் தள்ளிப்போடாமல் அன்றே புகார் கொடுங்கள்.