தொட்டியில் பூண்டுத் தாள், சட்டியில் பூண்டுக் குழம்பு



புதுச்சேரியில் ஒரு வீட்டில் பிள்ளை பிறந்துவிட்டால் அடுப்படியில் முதலில் கிளம்பும் வாசனை பூண்டு வாசனைதான். மாமியார் ஒரு பக்கம் பூண்டை உரித்து நல்லெண்ணெயில் வதக்குவார். பெற்ற அம்மா இன்னொரு பக்கம் பால்சுறா வாங்கிவர பெரிய மார்க்கெட்டுக்கு ஆள் அனுப்புவார். "பூண்டு நெறையச் சேத்துக் குடும்மா, அப்பத்தான் பால் ஊறும்" என்று தெருவே வந்து சொல்லிவிட்டுப் போகும். இந்தப் பேச்சில் எவ்வளவு உண்மை, எங்கே கவனமாக இருக்க வேண்டும், வீட்டுத் தொட்டியிலேயே பூண்டு வைத்துக்கொள்ள முடியுமா என்பதை இங்கே பார்ப்போம்.

முதலில் செடி விஷயம். நம் ஊரில் பூண்டு நட்டால் முளைக்கும், தாள் விடும், ஆனால் கடையில் வாங்குகிற மாதிரி பருத்த பூண்டு அடியில் கட்டாது. பூண்டு திரள்வதற்கு முதலில் நல்ல குளிர் வேண்டும், பிறகு பகல் நீள வேண்டும். அதனால்தான் புவிசார் குறியீடு பெற்ற மலைப்பூண்டு கொடைக்கானல் மேல்மலையில் விளைகிறது, நீலகிரியிலும் விளைகிறது. நமக்கோ தை மாத விடியற்காலையிலும் குளிர் 20 டிகிரியை ஒட்டியே நின்றுவிடும். நாலு மாதம் தண்ணீர் ஊற்றிவிட்டு, பிடுங்கிப் பார்த்து, "என்னடா இது, ஒத்தப் பல்லுதான் இருக்கு" என்று ஏமாற வேண்டாம். கடலோர ஊர்க்காரர்கள் பூண்டைத் தாளுக்காக வளர்ப்பதே புத்திசாலித்தனம். வெங்காயத் தாள் மாதிரி பூண்டுத் தாளும் கறிக்கு உதவும், வாசமும் இருக்கும்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நடாதீர்கள், பல் அழுகிவிடும். மழை ஓய்ந்து கார்த்திகைக் கடைசியிலோ மார்கழியிலோ ஆரம்பித்தால் மாசி வரைக்கும் தாள் கிடைக்கும். ஓட்டை விழுந்த வாளி, பழைய எண்ணெய் டின், உடைந்த மண்சட்டி எது இருந்தாலும் போதும், அடியில் துவாரம் மட்டும் அவசியம். செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய சாணி எரு ஒரு பங்கு கலந்து நிரப்புங்கள். வீட்டில் வாங்கிய பூண்டிலேயே கெட்டியான பெரிய பற்களைத் தோல் உரிக்காமல் பிரித்து, கூர்முனை மேலே பார்க்க, ஒரு அங்குல ஆழத்தில், இரண்டு அங்குலத்துக்கு ஒன்றாக ஊன்றுங்கள். முளை எட்டிப் பார்க்கிற பல்லாக இருந்தால் இன்னும் நல்லது. அதைக் குப்பையில் போடாதீர்கள்.

ஒரு விஷயத்தைக் கடலை ஒட்டிக் குடியிருப்பவர்கள் கவனிக்க வேண்டும். பூண்டுக்கு உப்பு ஆகாது. உங்கள் வீட்டுக் கிணற்று நீரோ போர் தண்ணீரோ உப்புக் கரித்தால் தாளின் நுனி கருகும். அப்படியானால் குழாய்த் தண்ணீரோ அரிசி கழுவிய தண்ணீரோ ஊற்றுங்கள். மண் ஈரம் காய்ந்த பிறகு ஊற்றினால் போதும். மூன்று, நான்கு வாரத்தில் தாள் ஒரு சாண் வளர்ந்துவிடும். அடியில் இரண்டு அங்குலம் விட்டு அறுங்கள், திரும்பவும் துளிர்க்கும். இரண்டாம் அறுப்புக்கு மேல் தாள் மெலிந்துவிடும், அப்போது புதுப் பல் ஊன்றிக்கொள்ளலாம்.

தொட்டிக்கு அடியில் தட்டு வைக்கிற வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. சுகாதாரத் துறைக்கு இந்தத் தட்டுதான் கவலை. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடுவதில்லை, தெளிந்த தண்ணீர் கொஞ்சம் தேங்கினால் போதும், முட்டையிடும். நம் வெயிலுக்கு ஒரு வாரம், பத்து நாளில் முட்டை கொசுவாகிப் பறந்துவிடும். கொசுவைப் பற்றி ஆராய்வதற்கென்றே 1975-ல் நம் புதுச்சேரியில் ஒரு மத்திய ஆராய்ச்சி மையம் ஏற்பட்டது. அப்படியிருந்தும் நம் வீட்டு மாடியில் கொசு வளர்ந்தால் அது நியாயமா? தட்டை எடுத்துவிடுங்கள். முடியாதென்றால் அதில் மணலை நிரப்புங்கள்.

இனி சமையல். பூண்டுப் பல் முழுசாக இருக்கும்போது அதில் அவ்வளவு காரமோ நெடியோ இல்லை. நசுக்கினாலோ நறுக்கினாலோதான் உள்ளே தனித்தனியாக இருந்த இரண்டு பொருள்கள் கலந்து அல்லிசின் என்ற சத்து உண்டாகிறது. அமெரிக்காவில் இரண்டு விஞ்ஞானிகள் இதை 1944-ல் பிரித்தெடுத்தார்கள். நசுக்கியதும் கொதிக்கிற எண்ணெயில் கொட்டிவிட்டால் இந்தச் சேர்க்கை நடக்க நேரமில்லாமல் போய்விடும். ஆகவே பூண்டை முதலில் தட்டி வைத்துவிட்டு, வெங்காயம் அரிவது, புளி கரைப்பது ஆகிய வேலைகளைப் பாருங்கள். பத்து நிமிஷம் கழித்து அடுப்பில் சேருங்கள். செலவில்லாத காரியம்தானே!

இன்னொரு நல்ல செய்தி. மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தார் 2010-ல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். தானியத்தோடும் பருப்போடும் பூண்டோ வெங்காயமோ சேரும்போது, அவற்றிலுள்ள இரும்புச் சத்தும் துத்தநாகமும் உடம்பு ஏற்கத்தக்க நிலைக்கு அதிகமாக வருவதைச் சோதனைச் சாலையில் கண்டார்கள். பருப்பில் நாலு பல் பூண்டு தட்டிப் போடுகிற நம் பழக்கம் வீணில்லை என்று ஆகிறது. ஆனால் இதைச் சாக்காக வைத்து இரும்புச் சத்து மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். கர்ப்ப காலத்தில் நாலாம் மாதத்திலிருந்து குறைந்தது 180 நாள், பிள்ளை பெற்ற பிறகும் 180 நாள் அந்த மாத்திரையைத் தினம் சாப்பிட வேண்டும். ரத்தசோகையைப் பூண்டு மட்டும் தீர்க்காது.

பால் ஊறும் என்பது? பிலடெல்பியாவில் 1991-ல் பாலூட்டும் தாய்மாருக்குப் பூண்டு கொடுத்துப் பார்த்தார்கள். சாப்பிட்ட இரண்டு மணி நேரம் வாக்கில் தாய்ப்பாலில் பூண்டு வாசம் தூக்கலாக இருந்தது. குழந்தை முகம் சுளிக்கவில்லை, அதிக நேரம் மார்பில் ஒட்டியிருந்தது. குடித்த பாலின் அளவு மட்டும் சொல்லும்படியாகக் கூடவில்லை. ஆக, நம் பாட்டிமார் சொன்னதில் பாதி சரி. பால் சுரக்க வைப்பது குழந்தை அடிக்கடி சப்புவதும், தாய் வயிறார உண்பதும், தாகத்துக்குத் தண்ணீர் குடிப்பதும்தான். இங்கேதான் நம் வீடுகளில் தப்பு நடக்கிறது. பூண்டுக் குழம்பும் சோறும் போட்டுவிட்டு, "பத்தியம்" என்று கீரை, பழம், முட்டை, பருப்பு எல்லாவற்றையும் நிறுத்திவிடுகிறார்கள். தண்ணீரையும் குறைக்கிறார்கள். பிள்ளை பெற்றவளுக்கு முன்னைவிட அதிக ஆகாரம் வேண்டும். மாமியார்மாரே, பூண்டு போடுங்கள், வேண்டாமென்று யாரும் சொல்லவில்லை. கூடவே மற்றதையும் போடுங்கள்.

பால்சுறாப் புட்டு செய்வதானால் கால் கிலோ மீனை மஞ்சள் போட்டு வேகவைத்து, தோலும் முள்ளும் நீக்கி உதிர்த்துக்கொள்ளுங்கள். நல்லெண்ணெயில் கடுகு தாளித்து, சின்ன வெங்காயம் ஒரு கை, தட்டிய பூண்டு இருபது பல், இஞ்சி ஒரு துண்டு, மிளகுத் தூள், கறிவேப்பிலை போட்டு வதக்கி, மீனைச் சேர்த்து ஈரம் சுண்டும் வரை கிளறுங்கள். இறக்கும்போது தொட்டியில் அறுத்த பூண்டுத் தாளைப் பொடியாக அரிந்து தூவலாம். மீன் சின்னதாக இருக்கட்டும். பெரிய சுறாவில் பாதரசம் சேர்ந்திருக்கும், அது கர்ப்பிணிக்கும் பாலூட்டுபவளுக்கும் ஆகாது. சுறா கிடைக்காத நாளில் மத்தியும் நெத்திலியும் எந்த விதத்திலும் குறைந்ததில்லை.

நம் ஊர் வடகத்தையும் சொல்லாமல் விடக்கூடாது. சித்திரை வெயிலில் சின்ன வெங்காயமும் பூண்டும் இடித்து, கடுகு, உளுந்து, சீரகம், வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை கலந்து, விளக்கெண்ணெய் தொட்டு உருட்டிக் காயவைக்கிறோமே, அதுதான் பிரெஞ்சுக்காரர் சமையலில் "வடுவான்" என்று பேரெடுத்தது. பாரிஸ் வரைக்கும் போன பண்டம் நம் பரணில் இருக்கிறது. பூண்டு விலை ஏறும் மாதங்களில் ஒரு உருண்டை உதிர்த்துப் போட்டால் குழம்புக்கு வேறு தாளிதம் வேண்டாம்.

இனிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியவை. பிறந்த குழந்தைக்குப் பூண்டை உரைத்து நாக்கில் தடவாதீர்கள். உரைமருந்து எதுவும் வேண்டாம். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால், ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், தண்ணீர்கூட வேண்டாம். படர்தாமரைக்கும் கட்டிக்கும் பச்சைப் பூண்டை அரைத்துக் கட்டினால் பிஞ்சுத் தோல் தீப்பட்டது போல் வெந்துவிடும். காது வலிக்குப் பூண்டு எண்ணெய் காய்ச்சி ஊற்றுவதும் ஆபத்து, செவிப்பறையில் ஓட்டை இருந்தால் காதே கெடும்.

பச்சைப் பூண்டை வெறும் எண்ணெயில் போட்டு வெளியில் நாள்கணக்காக வைக்கக்கூடாது. காற்றுப் புகாத எண்ணெயில் ஒருவகை விஷக்கிருமி வளரும், ருசியிலோ வாசத்திலோ தெரியாது. கனடாவில் வான்கூவர் நகரத்தில் 1985-ல் இப்படிப்பட்ட பூண்டைச் சாப்பிட்ட 36 பேர் நரம்பு தளர்ந்து படுத்தார்கள். ஊறுகாய் போட்டால் புளிப்பும் உப்பும் தாராளமாக இருக்கட்டும்.

குடும்ப நல ஆபரேஷனுக்கோ சிசேரியனுக்கோ தேதி குறித்திருந்தால் இதையும் நினைவில் வையுங்கள். குழம்பில் போடுகிற பூண்டு பரவாயில்லை. ஆனால் வெறும் வயிற்றில் பச்சைப் பூண்டு மெல்லுகிறவர்களும், பூண்டு மாத்திரை விழுங்குகிறவர்களும் ஒரு வாரத்துக்கு முன்பே நிறுத்த வேண்டும், ரத்தம் உறைவது தாமதமாகும். "இதெல்லாம் ஒரு மருந்தா, டாக்டர்கிட்ட போய்ச் சொல்றதுக்கு" என்று கூச்சப்படாதீர்கள். ரத்தக் கொதிப்பு மாத்திரை, ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் அப்படியே. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் அம்மாவிடம் அட்டையைக் காட்டும்போது, தினம் எத்தனை பல், எத்தனை நாளாக என்று சொல்லி எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.