26 பட்டன்களும் ஒரு ழகரமும்

மீன்சுருட்டிக் கடைத்தெருவில் ஒரு செல்போன் கடைப் படியேறி, "அண்ணே, பட்டன் போன் இருக்கா?" என்று கேட்டால், எண்கள் போட்ட சின்ன போனைத்தான் எடுத்து மேசையில் வைப்பார்கள். வயலுக்கும் முந்திரித் தோப்புக்கும் போகிறவர்கள் இன்றும் அதைத் தேடி வருவதற்கு விலை மட்டும் காரணமில்லை. தொடுதிரை, உடம்பின் மின்கடத்தும் தன்மையை வைத்துத்தான் விரலை அடையாளம் காண்கிறது. வேலை செய்து காய்த்து வறண்ட விரல் என்றால் தடுமாறும். மேலே நாலு மழைத்துளி விழுந்தால் தானாகவே எதையாவது திறந்துகொள்ளும். பட்டனுக்கு இந்தத் தொல்லை இல்லை. அமுக்கினால் அடியிலிருக்கும் சின்ன உலோகக் குமிழ் மடங்கி, "டக்" என்று விரலுக்குப் பதில் சொல்லிவிடும்.

அந்த "டக்" சத்தத்தையும் ஆண்ட்ராய்டையும் ஒரே உடம்பில் சேர்த்த போன்களும் ஒரு காலத்தில் வந்தன. மேலே தொடுதிரை, கீழே ஏ முதல் இஸட் வரை எல்லா எழுத்துக்கும் தனித்தனிப் பட்டன். அப்படி வந்தவற்றில் அதிகம் பேசப்பட்டவை பிளாக்பெர்ரி பெயரில் அடுத்தடுத்த ஆண்டுகளில் வெளிவந்த இரண்டு: 2017-இன் கீ-ஒன், 2018-இன் கீ-டூ.

பிளாக்பெர்ரியின் கதை நீளமானது. கனடாவின் வாட்டர்லூ நகரில் 1984-இல் தொடங்கிய ரிசர்ச் இன் மோஷன் நிறுவனம், 1999-இல் மின்னஞ்சல் வந்து விழும் ஒரு பேஜரை அந்தப் பெயரில் விற்றது. இரண்டு கட்டைவிரல்களால் வேகமாக அடிக்கலாம் என்பதுதான் அதன் பலம். இந்திய அலுவலகங்களில் மேலாளர்களின் இடுப்புப் பட்டையில் அது தொங்கிய காலமும் உண்டு. அதில் பரிமாறப்படும் ரகசியக் குறியீட்டுச் செய்திகளைப் படிக்க வழி வேண்டும் என்று 2010-இல் இந்திய அரசு, தடை எச்சரிக்கை வரை போனது. ஐபோன் வந்த 2007-க்குப் பிறகு, பெரிய திரைக்கு இடம் விடப் பட்டன்கள் ஒவ்வொன்றாக ஒதுங்கின. இனி போன்களைத் தானே வடிவமைப்பதில்லை என்று 2016 செப்டம்பரில் பிளாக்பெர்ரி அறிவித்தது. பெயரைப் பயன்படுத்தும் உரிமை அந்த ஆண்டு டிசம்பரில் சீனாவின் டிசிஎல் நிறுவனத்துக்குப் போனது. இந்தியாவுக்கு அந்த உரிமையைப் பெற்றது ஆப்டிமஸ் என்ற நிறுவனம்.

கீ-ஒன் 2017 ஆகஸ்டில் இந்தியாவுக்கு வந்தபோது விலை 39,990 ரூபாய். அடுத்த ஆண்டு ஜூலையில் கீ-டூ 42,990 ரூபாய்க்கு வந்தது. அந்தப் பணத்துக்கு அப்போது மேலும் வேகமான, மேலும் பெரிய திரையுள்ள டச் போன்கள் கிடைத்தன. ஆகவே இவற்றை வாங்கியவர்கள் வாங்கியது முழுக்க முழுக்கப் பட்டனுக்காகவே.

கீ-ஒன்னின் பட்டன் வரிசை வெறும் பட்டன் வரிசை அல்ல. எழுத்துகளின் மேல் விரலை அழுத்தாமல் தடவினால் திரையில் பக்கம் நகரும். அடுத்து வரக்கூடிய சொல்லைப் போன் ஊகித்துக் காட்டும்போது, அதற்கு நேர்கீழே உள்ள பட்டனில் விரலை மேலே சுண்டினால் சொல் போய் உட்கார்ந்துகொள்ளும். இடைவெளிப் பட்டனுக்குள்ளேயே கைரேகை பார்க்கும் கருவி. 26 எழுத்துப் பட்டன்களையும் ஒருமுறை தட்டினால் ஒரு வேலை, அழுத்திப் பிடித்தால் இன்னொரு வேலை என 52 குறுக்குவழிகளை அமைத்துக்கொள்ளலாம். 3,505 எம்ஏஎச் பேட்டரி, சிக்கனமான ஸ்னாப்டிராகன் 625 சில்லுடன் சேர்ந்து நன்றாகவே தாங்கியது.

குறைகளும் இருந்தன. வழவழப்பான பட்டன்கள் குட்டையாக இருந்தன. குறுக்குவழிகள் முகப்புத் திரையில் இருக்கும்போது மட்டுமே வேலை செய்தன. வேறு செயலிக்குள் இருந்தால் வெளியே வந்துதான் தட்ட வேண்டும். போனை வளைத்துப் பார்த்த ஒரு சோதனையில் திரையே கழன்று வந்தது. பசையைக் கூட்டுகிறோம் என்று தயாரிப்பாளர்கள் சொல்ல வேண்டியதாயிற்று.

கீ-டூவைக் கையில் எடுத்ததும் முதலில் தெரிவது எடைக் குறைவு: 180 கிராம் 168 ஆனது. தடிமன் 9.4 மில்லிமீட்டரிலிருந்து 8.5 ஆனது. ஆனால் உண்மையான மாற்றம் கட்டைவிரலுக்குக் கீழேதான். பட்டன்கள் 20 சதவீதம் பெரிதாயின. பளபளப்பு போய்ச் சொரசொரப்பான மேற்பரப்பு வந்தது. வியர்த்த விரலும் வழுக்கவில்லை. புதிதாக "ஸ்பீடு கீ" என்ற ஒரு பட்டன் வந்தது. எந்தச் செயலிக்குள் இருந்தாலும் அதைப் பிடித்துக்கொண்டு ஓர் எழுத்தைத் தட்டினால் அந்த 52 குறுக்குவழிகளும் ஓடி வந்தன. மூன்று ஜிபி அல்லது நான்கு ஜிபியாக இருந்த நினைவகம் ஆறாக உயர்ந்தது. சில்லு 660-ஆக மாறியது. பின்பக்கம் இரட்டைக் கேமரா. பிளாக்பெர்ரி வரலாற்றில் அதுவே முதல்.

திரை மட்டும் அப்படியே 4.5 அங்குலம்தான். இது கவனிக்க வேண்டிய முடிவு. எல்லோரும் திரையைப் பெரிதாக்கிக்கொண்டிருந்த வேளையில், மிச்சப்படுத்திய இடத்தைப் பட்டனுக்குக் கொடுத்தார்கள். மீன்சுருட்டியை அடுத்துள்ள கங்கைகொண்ட சோழபுரத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த மனப்போக்கு புரியும். தஞ்சையில் ராஜராஜன் எழுப்பிய விமானத்தைவிட மகன் ராஜேந்திரன் எழுப்பியது உயரம் குறைவு. தஞ்சை விமானத்தின் விளிம்பு நேர்கோடாக ஏறுகிறது. இங்கே அது மெல்ல உள்வளைந்து ஏறுகிறது. இரண்டாம் தலைமுறை உயரத்தில் போட்டி போடாமல் வளைவில் கவனம் வைத்தது.

இந்த இரண்டு போன்களையும் ஒப்பிட்டு ஆங்கிலத்தில் ஏராளமாக எழுதினார்கள்: கேமரா, வேகம், பேட்டரி, பட்டனின் அழுத்தம். தமிழில் எழுதுகிறவருக்கு அவற்றுக்கெல்லாம் முன்னால் நிற்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இந்தப் பட்டன்களில் தமிழ் அடிக்க முடியுமா?

சென்னையில் 1999-இல் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி உருவானது தமிழ்99 விசைப்பலகை. தமிழ்நாடு அரசு அதே ஆண்டு அதை ஏற்றது. இடது கைக்கு உயிர், வலது கைக்கு மெய் என்று பிரித்த, அழகான ஏற்பாடு. "அம்மா" என்று அடிக்க அ, ம, ம, ஆ என்று நாலே தட்டு போதும். இரண்டு மகரம் அடுத்தடுத்து வந்தால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழுந்துவிடும். 247 எழுத்துகளையும் தாங்க அதற்குத் தேவை உயிர் 12, மெய் 18, புள்ளி 1 என 31 பட்டன்கள். ஆய்தம் ஷிஃப்டோடு வந்துவிடும்.

ஆங்கிலத்துக்கு 26 போதும். மீதி ஐந்தும் கணினி விசைப்பலகையின் வலது ஓரத்தில், நிறுத்தக்குறிகள் இருக்கும் பட்டன்களில் உட்கார்ந்திருக்கின்றன. அந்த ஐந்து எழுத்துகள் ந, ய, ச, ஞ, ழ.

பிளாக்பெர்ரியில் அந்த வலது ஓரம் இல்லை. அரைப்புள்ளியும் மேற்கோள் குறியும் சாய்கோடும் ஜே, கே, ஜி பட்டன்களின் மேல் சிறிதாக அச்சிடப்பட்டு, ஆல்ட் பட்டனோடு சேர்த்து அழுத்த வேண்டியவையாகிவிட்டன. சதுர அடைப்புக்குறிகளுக்கு அந்த இடமும் இல்லை. சின்னங்களின் பட்டியலைத் திறந்துதான் எடுக்க வேண்டும். அதாவது, தமிழ்99-ஐ அப்படியே இந்தப் பட்டன்களில் பொருத்தினால் "தமிழ்" என்ற சொல்லின் கடைசி எழுத்துக்கு வீடில்லை. "மீன்சுருட்டி" என்று அடிக்க 11 தட்டு வேண்டும். ஐந்தாவது தட்டிலேயே சகரத்தைத் தேடிக் கை நின்றுவிடும். பட்டனின் உயரத்தை 20 சதவீதம் கூட்டிய இரண்டாம் தலைமுறையும் எண்ணிக்கையை மாற்றவில்லை. இந்தியாவில் விற்ற இந்தப் போன்களின் பட்டன்மீது தமிழ் எழுத்து ஒன்றுகூட அச்சாகவில்லை. டச் போனுக்கு இந்தச் சங்கடமே கிடையாது. கண்ணாடியின் மேல் எத்தனை கட்டம் வேண்டுமானாலும் வரைந்துகொள்ளலாம். தமிழ் கைப்பேசியில் பரவலாக வேரூன்றியதற்கு அந்த நெகிழ்வு ஒரு பெரிய காரணம். பட்டன் பிரியர்களும் இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

26 பட்டனுக்குள் தமிழை அடக்க வேறு வழி ஒலிபெயர்ப்பு முறை. மலேசியாவின் முத்து நெடுமாறன் 1980-களிலிருந்து வளர்த்த முரசு அஞ்சல் வழியாகப் பரவிய முறை அது. அதில் ழகரத்துக்கு இஸட் பட்டன். ளகரம், ணகரம், றகரத்துக்கு ஷிஃப்ட். ஆங்கில எழுத்து பொறித்த பட்டனைப் பார்த்தே தமிழ் அடிக்கலாம் என்பதால் கற்பது சுலபம். தட்டுகள் மட்டும் கூடும். தமிழ்99-இல் ஐந்து தட்டாக இருக்கும் "தமிழ்" இதில் ஆறு. எண் பட்டன் போன்களிலேயே தமிழில் குறுஞ்செய்தி அனுப்ப அவர் செய்த செல்லினம், 2005 பொங்கலையொட்டிச் சிங்கப்பூரில் அறிமுகமானது. பன்னிரண்டு பட்டனுக்குள் தமிழ் நுழைந்த பிறகு வந்த 26 பட்டன் போனில் தமிழுக்கு முறையான ஓர் இடம் பொறிக்கப்படாதது வருத்தமான செய்திதான்.

கீ-டூவுக்குப் பிறகு கீ-த்ரீ வரவில்லை. 2018 அக்டோபரில் 29,990 ரூபாய்க்கு கீ-டூ எல்இ என்ற மலிவான பதிப்பு வந்தது. பட்டன்மேல் விரலைத் தடவி நகர்த்தும் வசதி அதில் இல்லை. டிசிஎல் ஒப்பந்தம் 2020 ஆகஸ்ட் 31-இல் முடிந்தது. அமெரிக்காவின் ஆன்வர்டு மொபிலிட்டி 5ஜி பிளாக்பெர்ரி கொண்டுவருவதாகச் சொல்லி, 2022 பிப்ரவரியில் கடையைக் கட்டியது. இப்போது சீனாவின் யூனிஹெர்ட்ஸ், டைட்டன் என்ற பெயரில் பட்டன் ஸ்மார்ட்போன்களைச் செய்கிறது. ஐபோனின் அடியில் மாட்டிக்கொள்ளும் கிளிக்ஸ் பட்டன் உறை 2024-இல் வந்தது. இவற்றிலும் ஆங்கிலத்தின் 26 எழுத்துகளே.

பழைய கீ-டூ ஒன்று கைக்கு வந்தால், அதை வங்கி வேலைக்கு நம்ப வேண்டாம். ஆண்ட்ராய்டு 8.1-ஓடு வந்த அந்தப் போன் 9-க்குப் போகவேயில்லை. பாதுகாப்புத் திருத்தங்களும் நின்று வெகுநாளாகின்றன. 5ஜியும் கிடையாது. தமிழ் எழுதிப் பார்க்கத்தான் ஆசை என்றால், பணத்தைக் கொடுக்கும் முன் விருப்பமான தமிழ் உள்ளீட்டுச் செயலியை ஏற்றி, திரையில் வரும் விசைப்பலகையைத் தொடாமல், பட்டன்களை மட்டும் அழுத்தி, "கங்கைகொண்ட சோழபுரம்" என்று ஒருமுறை அடித்துப் பார்க்கலாம். ச, ழ இரண்டும் அதில் இருக்கின்றன.