நீலப் பலகையில் யாருக்கு இடம்?

2018 ஆகஸ்ட் 9-ம் தேதி அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் ஒரு புதிய நெடுஞ்சாலை திறக்கப்பட்டது. நீளம் சுமார் 24 கிலோமீட்டர்தான், செலவு 31.8 கோடி டாலர். பெயர் ‘இன்டர்ஸ்டேட் 11’, சுருக்கமாக ஐ-11. லாஸ் வேகஸிலிருந்து ஹூவர் அணைக்கும், அதைத் தாண்டி கிராண்ட் கேன்யனுக்கும் போகிற வண்டிகள் அதுவரை போல்டர் சிட்டி என்ற சிற்றூருக்குள் நுழைந்து, சிக்னலுக்குச் சிக்னல் நின்றுதான் போக வேண்டியிருந்தது. விடுமுறை நாள்களில் அந்த ஊரைக் கடப்பதற்குள் பொறுமை போய்விடும். புதிய சாலை ஊருக்குள் போகாமல் தெற்கே சுற்றிக்கொண்டு நேராக அணைப் பக்கம் கொண்டுபோய் விடுகிறது.

டிரைவர்களுக்குக் கொண்டாட்டம். போல்டர் சிட்டி கடைக்காரர்களுக்குக் கவலை. ஹூவர் அணை கட்ட வந்த தொழிலாளர்களைக் குடிவைக்க 1931-ல் உருவான ஊர் அது. நெவாடாவில் இருந்துகொண்டே சூதாட்டத்துக்குத் தடை போட்டிருக்கும் அபூர்வமான ஊர். கேசினோ வருமானம் கிடையாது. சாலையில் போகிறவர் பசிக்கு நின்றால்தான் ஓட்டலுக்கு வியாபாரம். அவர் கால் நீட்ட இறங்கினால்தான் பழம்பொருள் கடைக்கு வியாபாரம். இனி அவர் ஏன் நிற்க வேண்டும்? அதைவிட முக்கியமாக, இப்படி ஓர் ஊர் இருப்பதே அவருக்கு எப்படித் தெரியும்?

சாலையோரத்தில் நட்ட பலகை சொன்னால்தான் தெரியும். அமெரிக்க இன்டர்ஸ்டேட்டில் பலகைக்கு இருக்கும் மதிப்பை நம் ஊர் அனுபவத்தை வைத்து அளக்க முடியாது. காரணம் ஒரு சட்டம்.

கடை வைக்கக் கூடாத சாலை

1956 ஜூன் 29-ல் அதிபர் ஐசனோவர் கையெழுத்திட்ட நெடுஞ்சாலைச் சட்டம்தான் இன்டர்ஸ்டேட் வலைப்பின்னலுக்கு விதை. 41,000 மைல், அதாவது சுமார் 66,000 கிலோமீட்டர் சாலை. செலவில் 90 சதவீதம் மத்திய அரசு தரும் என்று திட்டம். அதே சட்டத்தில் ஒரு நிபந்தனையும் இருந்தது. சாலைக்கென்று கையகப்படுத்திய நிலத்துக்குள் பெட்ரோல் பங்க், ஓட்டல் என எந்த வணிகமும் கூடாது.

கிராமத்துச் சந்திப்புகளில் ஏற்கெனவே பங்க்கும் ஓட்டலும் நடத்துகிறவர்கள் இருந்தார்கள். சாலைக்குள்ளேயே ஒருவருக்கு ஏகபோக உரிமை கொடுத்தால் அவர்கள் பிழைப்பு என்ன ஆவது என்பது நியாயமான கேள்வி. சட்டம் அவர்கள் பக்கம் நின்றது. வேண்டியவர்கள் எக்ஸிட்டில், அதாவது சாலையிலிருந்து பிரியும் வழியில், இறங்கிப் போய்ச் சாப்பிட்டுக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டது. இந்தச் சட்டத்துக்கு முன்பே வந்துவிட்ட பென்சில்வேனியா டர்ன்பைக் (1940) போன்ற சில சுங்கச் சாலைகளில் மட்டும் ஓட்டலும் பங்க்கும் சாலை ஓரத்திலேயே இன்றும் இருக்கின்றன.

மற்ற இடங்களில் அரசு வைத்திருப்பது ‘ரெஸ்ட் ஏரியா’. கழிப்பறை, குடிதண்ணீர், மரத்தடி மேசை, ஒரு வரைபடம், அவ்வளவுதான். பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போகும் நம் பெற்றோர் பலர், சூடாக ஒரு காபி கிடைக்கும் என்று நம்பி இறங்கி, வெண்டிங் மெஷினைப் பார்த்துவிட்டு ஏறிக்கொள்வது இதனால்தான். அந்த மெஷினுக்கே 1982-ல்தான் சட்டம் இடம் கொடுத்தது. அதை நடத்தும் உரிமையில் முன்னுரிமை பார்வையற்றவர்களுக்கு. அரசுக் கட்டடங்களில் பார்வையற்றோர் கடை நடத்த வழிசெய்த 1936-ம் ஆண்டு ராண்டால்ஃப்-ஷெப்பர்ட் சட்டத்தின் நீட்சி அது. அந்த மெஷினில் நீங்கள் போடும் டாலரில் ஒரு பகுதி பெரும்பாலும் பார்வையற்ற ஒரு வியாபாரிக்குப் போகிறது. ரெஸ்ட் ஏரியாக்களைத் தனியாருக்குத் திறந்துவிடலாம் என்ற பேச்சு எழும்போதெல்லாம் எதிர்த்து நிற்பவர்கள் இரு தரப்பினர்: எக்ஸிட் ஓரத்து லாரி நிறுத்தக்காரர்கள், பார்வையற்ற வியாபாரிகளின் அமைப்புகள்.

ஆறு பேருக்கு மட்டும்

சாலையில் கடை இல்லை என்றால் கடையின் அடையாளமாவது இருக்க வேண்டும். அதுதான் எக்ஸிட்டுக்கு முன்னால் வரும் நீலப் பலகை. மேலே ‘பெட்ரோல்’ அல்லது ‘உணவு’ அல்லது ‘தங்குமிடம்’ என்று ஒரு சொல். கீழே இரண்டு வரிசையில் கம்பெனிகளின் லோகோக்கள். ஒரு பலகையில் அதிகபட்சம் ஆறு. ஒவ்வொரு லோகோவும் ஐந்து அடி அகலம், மூன்று அடி உயரத்துக்கு மேல் போகக் கூடாது. பலகைகள் வரும் வரிசைக்கும் விதி உண்டு. மருந்துக்கடை, சுற்றுலா இடம், முகாம், தங்குமிடம், உணவு, கடைசியாகப் பெட்ரோல். எக்ஸிட்டுக்கு மிக அருகில் பெட்ரோல்தான். அடுத்தடுத்த பலகைகளுக்கு இடையே குறைந்தது 800 அடி இருக்க வேண்டும். மணிக்கு 110 கிலோமீட்டரில் போகிறவருக்கு அது எட்டு விநாடி. அந்த எட்டு விநாடிக்குள் பின்சீட்டில் பர்கரா பீட்சாவா என்ற பஞ்சாயத்து தீர்ந்தாக வேண்டும்.

விளம்பரம் போலத் தெரிந்தாலும் இதில் நுழையத் தகுதி வேண்டும். நாடு முழுவதற்குமான போக்குவரத்துக் குறியீட்டுக் கையேடு இதை வரையறுக்கிறது. பெட்ரோல் பங்க் என்றால் தினம் 16 மணி நேரமாவது, வாரம் ஏழு நாளும் திறந்திருக்க வேண்டும். கழிப்பறையும் குடிதண்ணீரும் இருக்க வேண்டும். ஓட்டல் என்றால் நாளுக்கு இரண்டு வேளையாவது, வாரத்தில் ஆறு நாளாவது சாப்பாடு போட வேண்டும். மருந்துக்கடைக்கு 24 மணி நேரம். எல்லாமே எக்ஸிட்டிலிருந்து மூன்று மைலுக்குள் இருப்பது நல்லது. பக்கத்தில் எதுவும் இல்லாவிட்டால், மருந்துக்கடை தவிர மற்றவற்றுக்கு 15 மைல் வரை நீட்டிக்கொள்ளலாம். தகுதி பெற்றவர்கள் மாநில அரசுக்கோ அதன் ஒப்பந்ததாரருக்கோ ஆண்டுக் கட்டணம் கட்டுகிறார்கள்.

இங்கேதான் சிறு ஊர்க்காரர் அடிபடுகிறார். காலையில் மட்டும் திறந்து மதியத்தோடு மூடும் நல்ல டிபன் கடை, குடும்பமாக நடத்தி ஞாயிறு, திங்கள் இரண்டு நாள் விடுமுறை விடும் ஓட்டல், இரண்டுக்கும் பலகையில் இடம் கிடைப்பது கடினம். கட்டணத்தை யோசிக்காமல் கட்டக்கூடியவை பெரிய சங்கிலி நிறுவனங்கள். அதனால்தான் எந்த மாநிலத்தில் எந்த எக்ஸிட்டைப் பார்த்தாலும் அதே ஆறு முகங்கள். பயணிக்கு இதில் லாபமும் உண்டு. பலகையை நம்பி இறங்கினால் கழிப்பறை இருக்கும், கதவு திறந்திருக்கும். கைபேசி வரைபடம் காட்டும் கடைக்கு அந்த உத்தரவாதம் கிடையாது. அங்கேயும் காசு கொடுத்தவர் முன்னால் வருகிறார். ஆனால் எத்தனை மணி நேரம் திறந்திருக்க வேண்டும், தண்ணீர் வைத்திருக்க வேண்டுமா என்று அவரை யாரும் கேட்பதில்லை.

லோகோ பலகைகளுக்கான கதவைத் திறந்ததும் ஒரு தடைச் சட்டம்தான். அதிபர் லிண்டன் ஜான்சனின் மனைவி லேடி பேர்ட் ஜான்சன் முனைப்புக் காட்டிக் கொண்டுவந்த 1965-ம் ஆண்டு நெடுஞ்சாலை அழகூட்டல் சட்டம், சாலையோரத்து ராட்சத விளம்பரத் தட்டிகளுக்குக் கடிவாளம் போட்டது. தட்டி போனால் பயணிக்குத் தகவல் எப்படி என்ற கேள்விக்குப் பதிலாக, பெட்ரோல், உணவு, தங்குமிடம் பற்றி அரசே தன் நிலத்தில் அடக்கமாகப் பலகை வைக்க அதே சட்டம் வழிவிட்டது.

பச்சை ஜெயித்த கதை

வழிகாட்டிப் பலகை பச்சை, சேவைப் பலகை நீலம், சுற்றுலாவும் பண்பாட்டு இடங்களும் பழுப்பு, எச்சரிக்கை மஞ்சள், சாலைப் பணி ஆரஞ்சு. இன்று இது எல்லோருக்கும் மனப்பாடம். ஆனால் 1957-ல் வழிகாட்டிப் பலகைக்கு என்ன நிறம் என்பதில் பெரிய சண்டையே நடந்தது. கையேட்டுக் குழுவினர் கறுப்பு என்றார்கள். மத்திய நெடுஞ்சாலை நிர்வாகி பெர்ட்ரம் டாலமி கருநீலம் என்று நின்றார். முடிவுகட்ட, மேரிலாந்தில் திறக்கப்படாத ஒரு சாலையில் பச்சையையும் சேர்த்து மூன்று நிறப் பலகைகளையும் நட்டு, நூற்றுக்கணக்கான டிரைவர்களை ஓட்டவிட்டு வாக்கெடுத்தார்கள். பலகையில் எழுதியிருந்த ஊர்ப் பெயர்கள் ‘மெட்ரோபோலிஸ்’, ‘யுட்டோபியா’. பச்சைக்கு 58 சதவீதம், நீலத்துக்கு 27, கறுப்புக்கு 15. டாலமி விட்டுக்கொடுத்தார். அவருக்கு நிறக்குருடு இருந்தது என்பது இந்தக் கதையின் உபரித் தகவல்.

எண்களுக்கும் ஒழுங்கு உண்டு. ஒற்றைப்படை எண் என்றால் வடக்கு-தெற்குச் சாலை. மேற்கிலிருந்து கிழக்கே போகப்போக எண் கூடும். இரட்டைப்படை கிழக்கு-மேற்கு, தெற்கிலிருந்து வடக்கே கூடும். இந்தக் கணக்குப்படி 11 என்ற சாலை ஐ-15 சாலைக்கு மேற்கே இருக்க வேண்டும். போல்டர் சிட்டியில் அது கிழக்கே இருக்கிறது! விதி எழுதியவர்கள் கணக்குப்படியே எல்லாச் சாலையும் வளர்ந்துவிடுவதில்லை. எக்ஸிட் எண்கள் மட்டும் பெரும்பாலான மாநிலங்களில் நம்பலாம். அவை மைல் கல்லை ஒட்டியவை. 40-ம் எக்ஸிட்டைத் தாண்டிவிட்டீர்கள், இறங்க வேண்டியது 52 என்றால் இன்னும் 12 மைல். பெட்ரோல் முள் சாயும்போது இந்தக் கழித்தல் கணக்கு உதவும்.

இந்தக் கணக்கும் கைகொடுக்காத இடங்கள் உண்டு. யூட்டாவில் ஐ-70 சாலையில் கிரீன் ரிவர், சலைனா என்ற இரண்டு ஊர்களுக்கு இடையே சுமார் 170 கிலோமீட்டருக்கு ஒரு பங்க்கூட இல்லை. இன்டர்ஸ்டேட் முழுவதிலும் இதுதான் சேவையே இல்லாத மிக நீளமான பகுதி. அடுத்த சேவை எத்தனை மைலில் என்று சொல்லும் பலகை அங்கே உயிர்காக்கும் பலகை.

இறங்க இடம் இல்லாதவர்கள்

கார்க்காரருக்குப் பலகை வசதி. லாரி டிரைவருக்கு அது போதாது. அமெரிக்க விதிப்படி அவர் 14 மணி நேரப் பணி வரம்புக்குள் 11 மணி நேரம்தான் ஓட்டலாம். நேரம் முடிந்தால் நிறுத்தியே ஆக வேண்டும். எங்கே நிறுத்துவது? ரெஸ்ட் ஏரியா இரவில் நிரம்பி வழிகிறது. 2009-ல் ஜேசன் ரிவன்பர்க் என்ற டிரைவர், நிறுத்த இடம் கிடைக்காமல் தென் கரோலினாவில் கைவிடப்பட்ட ஒரு பெட்ரோல் பங்க்கில் லாரியை நிறுத்தியிருந்தபோது கொள்ளையனால் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் பெயரால் 2012-ல் ‘ஜேசன் சட்டம்’ வந்தது. லாரி நிறுத்துமிடங்களுக்கு மத்திய நிதியைச் செலவிட வழி பிறந்தது. பற்றாக்குறை இன்னும் தீரவில்லை. இதற்கிடையே பணமில்லை என்று ரெஸ்ட் ஏரியாக்களை மூடுகிற மாநிலங்களும் உண்டு. வர்ஜீனியா 2009-ல் அப்படிப் பலவற்றை மூடியது. அது தேர்தல் பிரச்சினையாகவே ஆகி, அடுத்த ஆண்டு புதிய ஆளுநர் வந்து திறந்தார்.

மின்சாரக் கார்கள் வந்த பிறகு 1956-ம் ஆண்டு நிபந்தனை இன்னொரு பக்கமும் இடிக்கிறது. 50 மைலுக்கு ஒரு சார்ஜிங் நிலையம் என்று 2021-ல் 500 கோடி டாலர் ஒதுக்கினார்கள். ஆனால் காசு வாங்கிக்கொண்டு சார்ஜ் செய்வது வணிகம் என்பதால், இன்டர்ஸ்டேட் ரெஸ்ட் ஏரியாவில் அதை வைக்க முடியாது. எக்ஸிட்டில் இறங்கித்தான் தேட வேண்டும். சிறு ஊர்களைக் காக்கப் போட்ட தடை இங்கே அவற்றுக்கு ஒரு வாய்ப்பாகவும் இருக்கலாம். கார் சார்ஜ் ஆகும் அரை மணி நேரம் பயணி அந்த ஊரில்தான் இருந்தாக வேண்டும். ஆனால் நள்ளிரவில் கண் சொக்கும் லாரி டிரைவர் விஷயத்தில் இந்தத் தடைக்கு நியாயம் சொல்ல முடியவில்லை. அவருக்கு ஒரு சூடான சாப்பாடு ரெஸ்ட் ஏரியாவிலேயே கிடைத்தால் யாருடைய பிழைப்பும் போய்விடாது.

புறவழிச்சாலை விட்டுச்சென்ற ஊர்கள் என்ன ஆகும் என்பதற்கு அரிசோனாவின் செலிக்மன் சாட்சி. ‘ரூட் 66’ சாலையில் இருந்த அந்த ஊரை 1978 செப்டம்பர் 22-ல் ஐ-40 ஒதுக்கிவிட்டுப் போனது. கூட்டம் அன்றோடு நின்றது. ஊர் முடிதிருத்துநர் ஏஞ்சல் டெல்கடில்லோவும் சிலரும் 1987-ல் ஒரு சங்கம் அமைத்து, பழைய சாலையை வரலாற்றுச் சாலையாக அறிவிக்க வைத்தார்கள். பலகைகள் வந்தன, பின்னாலேயே சுற்றுலாக்காரர்களும் வந்தார்கள். போல்டர் சிட்டிக்குச் செலிக்மனைவிட நல்ல காலம். பழைய சாலை ‘பிசினஸ் 93’ என்ற பெயரோடு ஊருக்குள் இன்னும் ஓடுகிறது, பக்கத்திலேயே அணையும் இருக்கிறது.

லாஸ் வேகஸிலிருந்து அந்தப் பக்கம் போகிறவர்கள் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். யு.எஸ். 95 பிரியும் இடத்தைத் தாண்டினால் ஐ-11-ல் அணைப் பக்கம் போய்ச் சேரும்வரை இறங்க எக்ஸிட்டே இல்லை. அணைக்கான எக்ஸிட்டையும் விட்டுவிட்டால் 2010-ல் திறந்த பாலத்தின் மேல் ஏறிவிடுவீர்கள்; பாலத்தின் பக்கச் சுவர் மறைப்பதால் காரிலிருந்து அணை தெரியாது. அப்புறம் அரிசோனாதான், கிங்மன் வரை பாலைவனம். ஆகவே பெட்ரோலையும் வயிற்றையும் போல்டர் சிட்டியிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். நீலப் பலகையில் லோகோ இல்லாத கடையாகப் பார்த்து உட்கார்ந்தால் இன்னும் நல்லது.