லொறிச் சாரதியின் ஊதியமும் எதிர்காலமும்

கல்லூரியை விட்டு நீங்கும் மாணாக்கர் எல்லாரும் பல்கலைக்கழகம் புகுவதில்லை. சாதாரணதரப் பரீட்சையோடு நின்று தொழில் தேடுவோரும் நம் பிள்ளைகளே. அவருட் சிலர் லொறிச் சாரதியராகின்றனர். கல்விமான்களாகிய நாம் அத்தொழிலை ஒரு பொருளாக மதித்து அவர்க்கு அறிவுரை கூறுவதில்லை. ஆதலின் அவர்கள் முதலாளி சொல்லுந் தொகையை மாத்திரம் கேட்டு வேலையில் அமர்கின்றனர். அத்தொகையை அளந்தறியும் முறையை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1990 ஆம் ஆண்டில் அடைபட்டு, 2002 இல் திறந்து, 2006 ஆகஸ்டில் மீண்டும் மூடப்பட்ட கண்டி வீதி, 2009 இன் பின்னரே வடபுலத்துக்கு நிலையான வழியாயிற்று. இன்று வெங்காயமும் வாழைக்குலையும் மீனும் தெற்கே செல்வதும், சீமெந்தும் மாவும் வடக்கே வருவதும் லொறிச் சாரதியரின் கண்விழிப்பினாலேயாம்.

சிறிய வாகனங்களுக்கு 18 வயதிலும், பாரமான லொறிகளுக்கு 21 வயதிலும் அனுமதிப்பத்திரம் பெறலாம். தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவகத்தின் சான்றிதழும், எழுத்துப் பரீட்சையும், செய்முறைப் பரீட்சையும் வேண்டும். தொடர்லொறி செலுத்துதற்குத் தனி வகுப்பு அனுமதி உண்டு. அதனைப் பெற்றவனுக்குத் துறைமுகக் கொள்கலன் வேலையும் கைகூடும்.

ஊதியம் மாதச் சம்பளமாகவோ, நாட்கூலியாகவோ, நடைக்கு இவ்வளவு என்றோ வழங்கப்படும். நடைக்கூலி கேட்பதற்கு இனிது. எனினும் அதனை மணிக்கணக்கில் வகுத்துப் பார்த்தல் வேண்டும். ஒரு நடைக்கு 6,000 ரூபா என வைத்துக்கொள்வோம். 20 மணி நேரத்தில் வேலை முடியின் மணிக்கு 300 ரூபா. சரக்கை ஏற்றவும் இறக்கவும் காத்திருந்து 30 மணி நேரமாயின் 200 ரூபாவே. காத்திருப்புக்குக் கூலியில்லாதவிடத்து, இழந்த பொழுதை மீட்கச் சாரதி உறக்கத்தைக் குறைத்து விரைகின்றான். விபத்துக்களுக்கு இதுவும் ஒரு காரணமாகும்.

இனி, கைக்கு வராத ஊதியத்தைக் கவனிப்போம். தேசியக் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 ஏப்ரலிலிருந்து 27,000 ரூபாவாகவும், 2026 ஜனவரியிலிருந்து 30,000 ரூபாவாகவும் விதிக்கப்பட்டது. 1958 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளி நூற்றுக்கு 8 உம், முதலாளி 12 உம் செலுத்தல் வேண்டும். 1980 ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு முதலாளி மேலும் 3 செலுத்துவார். ஆகவே 50,000 ரூபா உழைப்பவனுக்கு முதலாளி மாதந்தோறும் இடவேண்டியது 7,500 ரூபா. ஏட்டில் 30,000 மட்டும் எழுதி எஞ்சியதைப் படிப்பணமெனக் கொடுத்தால், அது 4,500 ஆகச் சுருங்கும். மாதம் 3,000 ரூபா வீதம் 20 ஆண்டில், வட்டியின்றியே, 720,000 ரூபா இழப்பாகும். நடைக்கூலியும் நிதிக்குரிய உழைப்பே என்பதை இளைஞர் அறிதல் வேண்டும்.

15 பேருக்குக் குறையாது வேலை செய்யும் நிறுவனத்தில் 5 ஆண்டு நிறைந்தவனுக்கு, 1983 ஆம் ஆண்டுச் சட்டம் ஆண்டொன்றுக்கு அரைமாதச் சம்பளம் பணிக்கொடையாக அளிக்கின்றது. ஒன்றிரண்டு லொறி வைத்திருப்பவரிடத்து வேலை கொள்வோன் இவ்வேறுபாட்டையும் எண்ணிப் பார்ப்பானாக.

சொந்த லொறி வாங்குதல் சாரதியர் பலரின் கனவு. ஆனால் உரிமையாளனுக்கு இலாபத்தோடு ஆபத்தும் உரியது. 2022 ஜனவரியில் 121 ரூபாவாக இருந்த ஒரு லீற்றர் டீசல் ஜூன் இறுதியில் 460 ரூபாவாயிற்று. வண்டி வரிசையில் நின்றது, தவணைப் பணமோ நிற்கவில்லை. ஆதலாற் சில மாதத் தவணையைச் சேமித்து வைத்த பின்னரே கடன்படுதல் நன்று. வளைகுடா நாடுகளுக்குச் செல்ல விரும்புவோர், அங்கே அந்நாட்டு அனுமதிப்பத்திரம் வேண்டுமென்பதை அறிந்து, வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்திற் பதிந்து செல்க.

மாணவர்காள்! வேலையில் அமருமுன் நான்கு வினாக்களைக் கேளுங்கள்: ஏட்டிலெழுதுஞ் சம்பளம் எவ்வளவு? காத்திருப்புக்குக் கூலியுண்டா? சேமலாப நிதி இலக்கம் யாது? நியமனம் எழுத்தில் உண்டா? லொறிகளை உடைய பழைய மாணவர்காள்! அவ்வினாக்களுக்கு அவர்கள் கேளாமுன்னரே விடையளியுங்கள். கல்லூரித் தாய்க்கு நீவிர் செலுத்தும் விழாக் காணிக்கைகளுள் அதுவும் ஒன்றாகும்.